வழுப் பதிவேடு: மென்பொருளுக்கு முன்னால் மனு எழுதுபவரைத் தேடுங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைத் திறந்த மூல உரிமத்தில் எழுதி வருகிறார்கள். பாகூர், வில்லியனூர் பக்கம் சில குழுக்கள் அதைப் பயன்படுத்துகின்றன. குறைகள் 3 வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுகின்றன. யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் அவற்றை ஓர் எக்செல் தாளில் ஏற்றுகிறார். தாளில் இப்போது 140 வரிசைகள். "சொந்த சர்வரில் பக்ஸில்லா போடுவதா, கிட்ஹப்பிலேயே வைத்துக்கொள்வதா?" என்று கேட்கிறார். பக்ஸில்லா குறைகளைப் பதிந்து வைக்கும் மென்பொருள்; கிட்ஹப் நிரல்களை இணையத்தில் வைக்கும் தளம், குறைகளைப் பதியவும் அதில் இடம் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், மூலநிரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே வழுப் பதிவேட்டையும் வையுங்கள். நிரல் கிட்ஹப்பில் இருந்தால் பதிவேடும் கிட்ஹப்பில். ஆனால் அந்த 140 வரிசைகள் ஏன் சேர்ந்தன என்பதற்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மென்பொருளில் வரும் குறையை, அதாவது பக் என்பதை, வழு என்றே எழுதுகிறேன்; அவற்றை எண்ணிட்டு எழுதி வைக்கும் இடம்தான் வழுப் பதிவேடு. கட்டற்ற மென்பொருள்காரர்களிடையே பழகிவிட்ட சொல்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். கிராமத்திலிருந்து வந்த ஒருவர் "என் நிலத்தை எவனோ வளைத்துவிட்டான்" என்று ஆரம்பித்தால் எழுதுபவர் உடனே பேனாவை எடுக்க மாட்டார். எந்த ஊர், எந்த வட்டம், சர்வே எண் என்ன, பட்டா யார் பேரில், எப்போதிலிருந்து, முன்பு மனு கொடுத்ததுண்டா, அந்த ரசீது எங்கே என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் "பெறுநர்" என்று தொடங்குவார். வந்தவருடைய கோபத்தை அவர் காதில் வாங்கிக்கொள்வார். தாளில் ஏறுவது விவரம் மட்டும். உள்ளே போனால் மனுவுக்கு ஓர் எண் விழும். அடுத்த முறை வரும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

வழுப் பதிவேடும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான். உங்களிடம் மனுக்கள் இருக்கின்றன, வரிசை எண்ணும் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதுகிற ஆள்தான் இல்லை.

அந்த ஆள் என்ன செய்வார் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு கருவி ஒன்றைச் சில வருடங்கள் பராமரித்து வந்தேன். புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஓர் அச்சகக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கைபேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த கணினித் திரை. பாதியை டியூப்லைட் வெளிச்சம் விழுங்கிவிட்டது. கீழே ஒரே வரி: "சார், எழுத்து உடைகிறது." அவரைப் பொறுத்தவரை அது முழுமையான புகார். தொலைபேசியில் கூப்பிட்டேன். எல்லா இடத்திலும் உடைகிறதா? இல்லை, சில இடத்தில். எந்த எழுத்து? ஒரு முறை கொ, ஒரு முறை தெ, ஒரு முறை பே. பக்கத்தின் நடுவிலா, ஓரத்திலா? சற்று யோசித்துவிட்டு, "ஓரத்தில்தான் சார், வரி முடிகிற இடத்தில்" என்றார். அதற்குள் 40 நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் வழு பிடிபட்டுவிட்டது.

பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்ட வேண்டும், பிறகு எழுத்து, பிறகு கால். யூனிகோடிலோ எழுத்து முதலில், உயிர்க்குறி அதன் பின்னால். அவருடைய பக்க வடிவமைப்பு மென்பொருள் அந்த உரையை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு, கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவிலேயே வரியை முறித்திருக்கிறது. என் கருவி வரி வரியாகப் படித்ததால் கொம்பு ஒரு வரியில் அநாதையாகப் புள்ளி வட்டத்தோடு நின்றது. பதிவேட்டில் நான் எழுதியது இதுதான்:

"தலைப்பு: வரி முடிவில் கொம்பு வந்தால் அடுத்த வரியின் முதல் எழுத்தோடு சேர்வதில்லை. செய்தது: இணைத்துள்ள 3 வரிக் கோப்பை மாற்றினேன். எதிர்பார்த்தது: 'கொடுக்கப்பட்டது'. கிடைத்தது: முதல் வரி முடிவில் தனிக் கொம்பு, இரண்டாம் வரி 'காடுக்கப்பட்டது'. ஒவ்வொரு முறையும் நடக்கிறது."

இப்படி எழுதப்பட்ட வழுவை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். "எழுத்து உடைகிறது" என்ற வரியை நான் மட்டும்தான் திருத்தியிருக்க முடியும், அதுவும் அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்ததால். முழு அச்சுக் கோப்பை இணைக்காமல் 3 வரியாகச் சுருக்கினேன் என்பதையும் கவனியுங்கள். வழுவைக் காட்டும் மிகச் சிறிய கோப்பைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி கருவிகள். பக்ஸில்லா 1998இல் மொசில்லா திட்டத்தோடு வெளிவந்தது; பெர்ல் மொழியில் ஓடுகிறது. லிப்ரேஆபிஸ், கேடிஇ, ஜிசிசி போன்ற பெரிய திட்டங்கள் இன்றும் அதில்தான் வழுக்களை வைத்திருக்கின்றன. பல்லாயிரம் வழுக்களைச் சல்லடை போட்டுத் தேட வேண்டும் என்றால் அதற்கு நிகர் குறைவு. 5 பேர் உள்ள குழுவுக்கு அது கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து 5 பேருக்குச் சாப்பாடு போடுவது போல. பெரியவர்களிலும் பலர் இடம் மாறிவிட்டார்கள்: க்னோம் 2018இல் கிட்ஹப் போன்ற இன்னொரு மென்பொருளான கிட்லேபுக்குப் போனது, எல்எல்விஎம் 2021 இறுதியில் பக்ஸில்லாவை விட்டு கிட்ஹப்புக்கு வந்தது, பைதான் 2022இல் ரவுண்டப் என்ற பழைய பதிவேட்டை விட்டு அங்கேயே வந்தது. நிரலும் வழுவும் ஒரே இடத்தில் இருந்தால் "இந்தத் திருத்தம் 57ஆம் வழுவைத் தீர்க்கிறது" என்று எழுதிய மாத்திரத்தில், திருத்தம் சேர்ந்ததும் வழு தானே மூடிக்கொள்ளும். உதவ வருகிறவரும் புதிதாக இன்னொரு கணக்கு தொடங்க வேண்டியதில்லை. ரெட்மைன், மேன்டிஸ், டிராக் எல்லாம் நல்ல கருவிகளே. ஜாங்கோ திட்டம் டிராக்கில்தான் இருக்கிறது. ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1994இலிருந்து அவர்களுடைய பதிவேடு மின்னஞ்சலில் ஓடுகிறது. கணக்கு, கடவுச்சொல் எதுவும் கிடையாது. குறிப்பிட்ட முகவரிக்கு மடல் அனுப்பினால் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கான முகவரிக்குப் பதில் எழுதினால் அது வழுவோடு சேர்ந்துகொள்ளும். பார்க்கப் பழைய காலத்து ஏற்பாடு. ஆனால் புகார் சொல்ல வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி "முதலில் உறுப்பினர் ஆகுங்கள்" என்று சொல்லாத பதிவேடு அது. கிட்லேபிலும் சர்வீஸ் டெஸ்க் என்ற வசதி இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினால் அது வழுவாகப் பதிவாகும். அனுப்புகிறவருக்குக் கணக்கு தேவையில்லை. உங்கள் பயனர்கள் மின்னஞ்சல் எழுதுகிறவர்களாக இருந்திருந்தால் இதையே சிபாரிசு செய்திருப்பேன்.

கிட்ஹப் தானே திறந்த மூல மென்பொருள் இல்லையே, 2018இலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் சொத்தாயிற்றே என்று உங்களில் ஒருவருக்காவது உறுத்தும். உறுத்தினால் ஃபோர்ஜேயோ என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடும் கோட்பெர்க் தளம் இருக்கிறது; ஜெர்மனியில் லாப நோக்கற்ற சங்கம் ஒன்று நடத்துகிறது. நிரலையும் அங்கேயே கொண்டுபோய்விடுங்கள். நிரல் ஓரிடம், வழு ஓரிடம் என்று பிரிக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

எங்கே வைத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் குளோன் செய்தால், அதாவது முழு நகல் எடுத்தால், நிரலும் அதன் வரலாறும் உங்கள் கணினிக்கு வரும், வழுக்கள் வராது. அவை அந்தத் தளத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. கூகுள் கோட் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான திட்டங்களுக்கு வீடாக இருந்தது. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2016 ஜனவரியில் மூடியும்விட்டார்கள். திறந்த மூலக் கருவி என்பதாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014இல் பக்ஸில்லாவிலிருந்து ஃபேப்ரிகேட்டர் என்ற திறந்த மூலக் கருவிக்கு மாறியது. 2021இல் ஃபேப்ரிகேட்டரை எழுதிய நிறுவனமே அதைப் பராமரிப்பதை நிறுத்திக்கொண்டது. பிறகு சமூகத்தார் ஃபோர்ஜ் என்ற பெயரில் கிளை பிரித்து எடுத்து நடத்துகிறார்கள். ஆகவே முதல் வழுவைப் பதிவதற்கு முன்பே, எல்லா வழுக்களையும் மறுமொழிகளோடு ஜேசன் கோப்பாக இறக்கும் சிறு நிரலை எழுதி, மாதம் ஒரு முறை தானாக ஓடும்படி வையுங்கள். கிட்ஹப்பின் ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் தரவை எடுக்க அது தரும் வழி, இதற்குப் போதும். (ஃபாசில் என்ற கருவியில் மட்டும் குளோன் செய்தால் வழுக்களும் கூடவே வரும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை எழுதியவரின் கைவண்ணம், அழகான யோசனை. ஆனால் அதற்காக உங்கள் 5 பேரும் கிட்டை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை.)

சொந்த சர்வர் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஆசை எனக்கும் இருந்தது. வீட்டில் ஒரு பழைய கணினியில் பதிவேட்டை ஓட்டினேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். தெருவில் மின்சாரம் போனது. மின்சாரம் திரும்பி வந்தபோது கணினி வரவில்லை. காப்புப் பிரதி எங்கே என்றால், அதே அலமாரியில், அதே ஒழுகலுக்குக் கீழே. 2011இல் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். நண்பர் ஒருவரிடம் 5 வாரம் பழைய பிரதி இருந்ததால் மிச்சம் தப்பியது.

அந்த சர்வர் கற்றுக் கொடுத்த இன்னொரு பாடம். சில நாட்களாக வழுக்கள் விநோதமாக வந்தன. தலைப்பு சரியாக இருக்கும். உள்ளே "அண்ணா வணக்கம்" என்று மட்டும் இருக்கும். அடுத்தவர், "சார் வணக்கம்". ஏதோ விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து இரண்டு மூன்றை மூடிவிட்டேன். ஒருவர் கோபமாகக் கூப்பிட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. வணக்கத்துக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் கைகூப்பும் ஈமோஜியைப் போட்டிருக்கிறார்கள். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்க யுடிஎஃப்8 என்ற பெயரில் இருந்த அமைப்பு ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தராது. தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கிவிடும். ஈமோஜிக்கு 4 வேண்டும். பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு முறை அணைத்து வைக்கப்பட்டிருந்ததால், தரவுத்தளம் பிழை எதுவும் சொல்லாமல் ஈமோஜியிலிருந்து மீதி அனைத்தையும் வெட்டி எறிந்துவிட்டது. மரியாதையாக வணக்கம் சொன்னவர்களின் புகார் மட்டும் காணாமல் போனது. 4 பைட் வரை இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. சொந்தமாகத்தான் நடத்துவேன் என்பவர் முதல் நாளே ஈமோஜியோடு ஒரு தமிழ் வழுவைப் பதிந்து பார்க்க வேண்டும்.

தேடலையும் சோதியுங்கள். 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "கொடுக்கல்" என்று தேடிவிட்டு ஒன்றும் கிடைக்காமல், ஏற்கெனவே உள்ள வழுவை மறுபடியும் பதிவது இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் பயனர்களுக்கு வருவோம். பாகூர் அக்காக்கள் கிட்ஹப்பில் கணக்கு தொடங்க மாட்டார்கள், தொடங்கச் சொல்லவும் வேண்டாம். வாட்ஸ்அப் அப்படியே இருக்கட்டும், ஆனால் 3 குழுக்களை ஒன்றாக்குங்கள். 5 பேரும் முறை வைத்துக்கொண்டு வாரம் ஒருவர் மனு எழுதுபவராக உட்காருங்கள். அந்த வாரம் அவர் நிரல் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. குரல் பதிவு வந்தால் முதலில் அந்த அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், அதன் கீழே உங்கள் விளக்கம். "வட்டி தப்பாகக் காட்டுகிறது" என்று அவர் சொன்னதை "தசமப் பிழை" என்று நீங்கள் மொழிபெயர்த்துவிட்டால், உங்கள் ஊகம் தவறாக இருக்கும்போது திரும்பிப் பார்க்க ஒன்றுமே இருக்காது. எழுதி முடித்ததும் "அக்கா, உங்கள் வழு எண் 57" என்று குழுவிலேயே பதில் போடுங்கள். திருத்தியதும் அதே எண்ணைச் சொல்லி மறுபடி ஒரு வரி. இரண்டு மாதத்தில் அவர்களே "57 என்ன ஆயிற்று தம்பி?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஒரு விஷயத்தில் நிஜமாகவே பயப்படுங்கள். திறந்த மூலத் திட்டத்தின் பதிவேடு உலகத்துக்கே திறந்த ஏடு. உங்கள் மென்பொருளின் திரையில் இருப்பதோ யார் எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை தவணை கட்டவில்லை என்ற கணக்கு. அந்தத் திரையைப் படம் எடுத்து அப்படியே இணைத்தால் வழு தீரும், ஊரில் ஒரு பெண்ணின் மானம் போகும். பிறகு நீக்கலாம்தான், அதற்குள் அறிவிப்பு மடலில் பத்துப் பேருக்குப் போயிருக்கும். போலிப் பெயர்களோடு ஒரு மாதிரிக் குழுவை மென்பொருளிலேயே வைத்து, வழுவை அதில் நிகழ்த்திக் காட்டிப் படம் எடுங்கள். அதுபோலவே, கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைய முடிகிறது என்ற வகை வழுக்களைத் திருத்தி வெளியிடும் வரை பொதுவில் வைக்கக் கூடாது. அவற்றுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திட்டத்தின் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.

பராமரிப்பில் நான் கறாராக இருப்பது சில இடங்களில்தான். சிட்டைகள், அதாவது லேபிள்கள், ஆளுக்கு ஆள் புதிதாக ஒட்டிக்கொண்டே போவார்கள். டெபியன் அளவுக்குப் பெரிய திட்டமே தீவிரத்துக்கு 7 படிகள்தான் வைத்திருக்கிறது. உங்களுக்கு 3 போதும்: கணக்கு தப்பாகிறது, வேலை நிற்கிறது, மற்றவை. பணம் சம்பந்தப்பட்ட மென்பொருளில் கணக்குத் தப்புக்குத்தான் முதலிடம். நின்றுபோனால் அக்காக்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தப்பாகக் கூட்டினால் நம்பிவிடுவார்கள். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம், 5 பேரும் சேர்ந்து புதிதாக வந்தவற்றை மட்டும் படியுங்கள். செய்யப்போவதில்லை என்று முடிவானால் காரணம் எழுதி அன்றே மூடுங்கள். "பார்க்கலாம்" என்று திறந்தே வைப்பது மரியாதை போலத் தோன்றும். கேட்டவர் வருடக்கணக்கில் காத்திருப்பார்.

பழைய வழுக்களைத் தானாக மூடும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், இருக்கின்றன. கிட்ஹப்பில் பலர் பயன்படுத்தும் ஒன்று, மாற்றாமல் விட்டால் 60 நாள் அசைவில்லாத வழுவுக்கு எச்சரிக்கை ஒட்டி, மேலும் 7 நாளில் மூடிவிடும். எனக்கு அது பிடிக்காது. யாரும் பேசவில்லை என்பதால் வழு தீர்ந்துவிடாது. வருட முடிவுக் கணக்கில் வரும் வழு மார்ச்சில்தான் தலை காட்டும். ஜூனில் அதை மூடிவிட்டு அடுத்த மார்ச்சில் மறுபடி பதிவீர்கள்.

பதிவேட்டின் சாவிகள், அதாவது கடவுச்சொற்களும் நிர்வாக உரிமையும், குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தின் இணையப் பெயர் (டொமைன்) ஒரு மாணவரின் கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் படிப்பு முடிந்து பெங்களூருக்குப் போனார், அந்த மின்னஞ்சல் செத்தது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் பதிவேடு இருந்த முகவரியில் காலணி விளம்பரம் நின்றது.

கடைசியாக அந்த எக்செல் தாள். 140ஐயும் நிரல் எழுதி மொத்தமாக ஏற்றிவிடலாம் என்று உங்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். விடாதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி ஒவ்வொரு வரிசையையும் இன்றைய பதிப்பில் நிகழ்த்திப் பாருங்கள், சொன்னவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே சரியாகியிருக்கும், அல்லது ஒரே வழு நான்கு பேர் வாயில் நான்கு விதமாக வந்திருக்கும். மிச்சத்தைக் கையால் பதியுங்கள், பழைய வரிசை எண்ணையும் குறித்து. தாளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்றே தெரியாமல் "ஓடவில்லை" என்று மட்டும் எழுதிய வரிசைகள் சில எப்படியும் இருக்கும். அவற்றைத் தாளிலேயே விட்டுவிடுங்கள்.